நோயாளி குற்றவாளியா?

அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மௌத்து வீடு. ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்து, பந்தலின் கீழ் பத்துப் பதினைந்து பேர் அமர்ந்திருந்தோம். இறந்தவருக்கு வயது அறுபதைத் தொடவில்லை. பெருங்குடலில் புற்றுநோய். ஆள் நல்ல ஆகிருதி. கலியாண வீடென்றால் தேக்சாவின் பக்கத்தில் நின்று, பிறருக்கு அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் தாமும் வயிறார உண்பவர். பேச்சு ஓய்ந்த ஒரு வேளையில் ஒருவர் மெல்லச் சொன்னார்: “தின்ற தீனி சும்மா விடுமா? உடம்பு பெருத்ததனால் வந்த நோய் என்று டாக்டரே சொன்னாராம்.” எதிரே இருந்த பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. “வாயை மூடு தம்பி. தீனிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவருடைய நஸீபு அவ்வளவுதான். அல்லாஹ் நாடினான், நடந்தது” என்றார்.

வீடு சிறியது, ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு பேச்சும் உள்ளே போயிருக்கும். உள்ளே இத்தா இருக்கும் பெண்மணி, முப்பது ஆண்டுகள் அவருக்குச் சமைத்துப் போட்டவர். முதல் பேச்சு அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பழக்கத்தால் ஒரு நோய் மிகுகிறது என்று மருத்துவம் சொன்னால், அந்த நோய் கண்டவரைப் பார்த்து ‘உன்னால் வந்தது’ என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? உரிமை இல்லையென்றால், அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட வேண்டுமா? ‘எல்லாம் விதி’ என்ற பெரியவர் மார்க்கத்தைச் சொன்னாரா, அல்லது மார்க்கத்தின் பெயரால் ஒரு பேச்சை முடித்து வைத்தாரா?

மருத்துவம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சரியாகத் தெரிந்துகொள்வோம். பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்புச் சொல்வதுதான் நம்மிடையே அதிகம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒன்று பிரான்சு நாட்டின் லியோன் நகரில் இயங்குகிறது. உடலில் மிகையான கொழுப்புச் சேராமல் இருப்பது 13 வகைப் புற்றுநோய்களின் அபாயத்தைக் குறைக்கும் என்று 2016-இல் அது முடிவு சொல்லிற்று. அவற்றுள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயும் ஒன்று. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வெறும் சுமையன்று. அது இரத்தத்தில் இன்சுலினை உயர்த்துகிறது. உடலுக்குள் ஓயாத ஓர் அழற்சியை மூட்டி வைக்கிறது. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதற்கு இரண்டுமே தூண்டுகோல். குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளை ஒன்று புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் போலப் பிடிக்கிறது. ஆக, நேற்றுத் தின்ற பிரியாணிக்கும் இன்று வந்த நோய்க்கும் முடிச்சுப் போடுவது அறியாமை.

எடை எவ்வளவு இருந்தால் மிகை? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்து இதை அளக்கிறார்கள். ஐரோப்பியருக்கு 25-ஐத் தாண்டினால் மிகை எடை. ஆனால் நமக்கு அந்தக் கோடு பொருந்தாது. இதை விளக்க 2004-இல் ஒரு சுவையான செய்தி ‘லான்செட்’ மருத்துவ ஏட்டில் வந்தது. பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்ற இரு நண்பர்கள் தங்கள் உடலையே அளந்து பார்த்தார்கள். இருவருக்கும் அந்த எண் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவரின் உடலிலோ 21.2 சதவீதம்! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதே 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ஆசிய மக்கள் 23-லேயே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்று தெரிவித்தது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் ஒன்றுகூடி, 23-ஐத் தாண்டினால் மிகை எடை, 25-ஐ எட்டினால் பருமன் என்று வகுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது வரம்பு. ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள ஒருவர் 72 கிலோ இருந்தால், ‘பூசினாற்போல் இருக்கிறார், உடம்பு தேறியிருக்கிறார்’ என்போம். நம் மருத்துவர்களின் கணக்கில் அவர் பருமனின் வாசலில் நிற்கிறார். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைக்குத் தொந்தி விழுந்திருந்தால், வசதி வந்துவிட்டது என்று மகிழ்கிற தாய்மார்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் எத்தனை பேர்!

இனி, எவ்வளவு அபாயம் என்று பார்ப்போம். இங்கேதான் மௌத்து வீட்டு நண்பரின் தீர்ப்பு உடைகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் வெளியான ஒரு கணக்கின்படி, மேற்சொன்ன எண் 5 கூடினால் ஆண்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 24 சதவீதம் மிகுகிறது. பெண்களுக்கு 9 சதவீதம். ஜப்பானில் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குத்தான் தெரிந்தது. 24 சதவீதம் என்றதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் எதன்மேல் 24? இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இந்நோய் வருகிறது. அந்த ஐந்து, ஆறாகிறது. லட்சம் பருமனான ஆண்களில் ஓராண்டில் ஆறு பேர் என்றால், அவர்களுள் ஐந்து பேருக்குப் பருமன் இல்லாதிருந்தாலும் நோய் வந்திருக்கும். அந்த ஆறாமவர் யார் என்று உலகின் எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல இயலாது. வயது, பரம்பரை, புகை, மது, உழைப்பின்மை, நார்ச்சத்துக் குறைந்த உணவு என்று காரணங்கள் பல. ஒல்லியானவருக்கும் வருகிறது, தினமும் ஐந்து மைல் நடந்தவருக்கும் வருகிறது. லட்சம் பேருக்கு உண்மையாக இருக்கும் ஒரு செய்தி, பந்தலுக்கு உள்ளே கிடத்தியிருந்த அந்த ஒருவரைப் பற்றி நமக்கு எதையும் நிச்சயமாகச் சொல்வதில்லை. நிச்சயமில்லாத ஒன்றை ஒரு முஸ்லிமின் மேல் சுமத்துவதற்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், அவற்றுட் சில பாவம் என்றும் திருமறையின் 49-ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது.

அப்படியானால் பெரியவர் சொன்னதுதான் சரியோ? தீனிக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் இல்லை. ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியாதது, ஊரைப் பற்றிச் சொல்ல முடியும். உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டது. இந்தியாவில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேருக்கு. ஒரு காலத்தில் ஜப்பானியரிடையே இது அரிய நோய். அவர்கள் ஹவாய்த் தீவுக்குக் குடிபோய், அங்குள்ள உணவுக்கும் வாழ்க்கைக்கும் பழகியபின் ஒரு தலைமுறைக்குள் நோய் பெருகியது. பின்னர், உணவும் உழைப்பும் மாறவே, ஜப்பானிலேயும் பெருகியது. இரத்தம் ஒன்றுதான், வாழும் முறை மாறியது. இன்று நாமும் அதே பாதையில்தான் நடக்கிறோம். நம் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் விளைந்த வரகும் கம்பும் சோளமும் அடுப்படியிலிருந்து வெளியேறிவிட்டன. தீட்டிய அரிசியும் பரோட்டாவும் பாமாயிலும் வந்து அமர்ந்திருக்கின்றன.

விதியை நம்புவது ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. ஆனால் விதியை எப்படி நம்புவது என்பதற்கு ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பாடம் இருக்கிறது. ஷாம் நாட்டை நோக்கிப் படையுடன் சென்றபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஸர்ஃ என்னும் இடத்தில் கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். ‘அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?’ என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதில் வந்தது. ஒட்டகத்தைப் பசும்புல் உள்ள கரையில் மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதியின்படியே அல்லவா என்று எடுத்துக்காட்டும் சொன்னார்கள். கவனியுங்கள்: அந்தக் கொள்ளைநோயில் அபூஉபைதா (ரலி) அவர்கள் மரணமடைந்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொன்னவர் எவருமில்லை. திரும்பி வந்தவரும் சரி, அங்கேயே இருந்து மாண்டவரும் சரி, இருவரும் பெருமைக்குரியவர்களே. தடுத்துக்கொள்வது கடமை என்பதாலேயே, மாட்டிக்கொண்டவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

இதை நம் ஊர்க்காரர்கள் இன்னும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை பெய்தது இறைவன் நாட்டம். ஆயினும் ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, தார்மீகப் பொறுப்பை ஏற்றுப் பதவியைத் துறந்தார். அவர் பாலத்தைக் கட்டியவரும் அல்லர், உடைத்தவரும் அல்லர். குற்றம் அவருடையதன்று, பொறுப்பை அவர் ஏற்றார். குற்றமும் பொறுப்பும் இரு வேறு பொருள்கள் என்பது அரியலூரின் பெயரோடு நாடு முழுவதும் தெரிந்த செய்தி. இன்னொன்றும் உண்டு. அந்த வண்டியில் ஏறி மாண்டவர்களைப் பார்த்து, ‘ஏன் ஏறினாய்?’ என்று கேட்டவர் உண்டா?

‘பயணிக்குப் பாலத்தின் நிலை தெரியாது, தின்பவனுக்குத் தன் வயிறு தெரியுமே!’ என்று நண்பர் வாதிடலாம். நியாயமான வாதந்தான். வயிற்றை நிரப்புவதைவிடத் தீய பாத்திரத்தை மனிதன் நிரப்புவதில்லை என்றும், மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளை திருமறையின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் வயிற்றின் இச்சையை அடக்குவதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் அவரவர் தம் தட்டை நோக்கிப் படிக்க வேண்டியவை. அண்டை வீட்டான் தட்டை எட்டிப் பார்த்துப் படிக்க வந்தவை அல்ல.

மேலும், அந்த மனிதருடைய தட்டில் அள்ளிப் போட்டது யார்? நாம்தானே! ‘இன்னும் ஒரு கரண்டி, எனக்காக’ என்று வற்புறுத்துவதை விருந்தோம்பல் என்று நினைக்கிறோம். வேண்டாம் என்று கை மறித்தால் முகம் சுளிக்கிறோம். வலீமாவில் இறைச்சித் துண்டு குறைந்தால் சம்பந்தி சண்டை வரை போகிறது. நோன்புக் காலத்தைப் பாருங்கள்: பள்ளியில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி, அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த அருமையான ஆகாரம். அது போதாதென்று சமோசாவும் பஜ்ஜியும் கட்லெட்டும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. பகலெல்லாம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மஃரிபில் அபராதம் வசூலிக்கிறோம். (இதை எழுதுகிறவனும் அந்த பஜ்ஜிக்கு விலக்கானவன் அல்லன்.) அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் ஓயாமல் நோன்பும் தொழுகையுமாக இருந்தபோது, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். விருந்தினருக்குரிய உரிமையில், போதும் என்று அவர் சொன்னால் நிறுத்திக்கொள்வதும் சேரும் என்றே நான் கருதுகிறேன்.

பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ‘நடங்கள்’ என்கிறார் மருத்துவர். எங்கே நடப்பது? சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கும் சாலையிலா? ஆண்களுக்காவது அதிகாலையில் ஆற்றங்கரையும் கடைவீதியும் உண்டு. பள்ளிவாசலுக்குச் சொந்தமான காலி மனையில், அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் பெண்கள் நடக்க மறைப்புக் கட்டிக் கொடுத்த மஹல்லா எத்தனை? உடலுழைப்பு பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. நடக்க இடம் தராத ஜமாஅத், பருத்த பெண்ணைப் பார்த்துச் சிரிக்க என்ன தகுதி உடையது?

இறைச்சியைப் பற்றியும் கேட்பீர்கள். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்டால் இந்நோய் 18 சதவீதம் மிகுகிறது என்று 2015-இல் லியோன் நிறுவனம் அறிவித்தது. குர்பானிக்குப் பிறகு நம் வீடுகளில் போடும் உப்புக்கண்டமும் அந்த இனந்தான். ஆண்டில் சில நாள் உண்பதற்கு அஞ்ச வேண்டாம். டப்பாவிலும் உறைபனியிலும் வரும் இறைச்சியை நித்திய ஆகாரமாக்கிக் கொள்வதற்கு அஞ்சுங்கள்.

குறை கூறும் நாவு செய்யும் பெரிய கேடு இனித்தான் வருகிறது. ‘உன்னால் வந்தது’ என்று ஊர் சொல்லும் என்று தெரிந்தால், நோயை மறைக்கத்தான் தோன்றும். அதுவும் இது மறைவிடத்து நோய். மலத்தில் இரத்தம் கண்டால் ஆண்களே மனைவியிடம் சொல்வதில்லை. பெண்கள் யாரிடம் சொல்வார்கள்? பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த முகவரிக்கு இரவோடிரவாகப் போய்ப் பொடியும் லேகியமும் வாங்கி உண்டு, ஓராண்டைக் கழித்துவிட்டுப் பிறகு பெரிய மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இரத்தமெல்லாம் புற்றுநோய் அன்று. பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனால் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இரத்தம், வாரக் கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத சோகை, தானாகக் குறையும் எடை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் போய்க் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டுவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அரியலூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் ஓட வேண்டிய காலம் ஓரளவு குறைந்திருக்கிறது.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரை அறிவீர்கள். அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் 1923-இல் இளவயதிலேயே இறந்தார். அக்காள் மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை என்ன உண்டாள், எப்படி வாழ்ந்தாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை அவர். முப்பது ஆண்டுகள் ஓயாமல் உழைத்து, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்து வைக்கும் வரை அவர் மனம் ஆறவில்லை. அந்த வாசலில் இன்றுவரை நம் சமுதாயத்தவரும் எத்தனை ஆயிரம் பேர் போய் நின்றிருக்கிறோம்!

மார்க்கம் இந்த நோயாளியை எங்கே வைத்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. போர்க்களத்தில் மாண்டவர் மட்டும் ஷஹீதல்லர். கொள்ளைநோயால் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர் ஆகியோரோடு வயிற்று நோயால் இறந்தவரையும் ஷஹீதுகளின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. வயிற்றை நிரப்பாதே என்று கண்டித்த அதே திருவாய்தான் வயிற்று நோயால் மாண்டவரை ஷஹீது என்றது. ‘அளவாய் உண்டும் நோய் வந்தவர் மட்டும்’ என்று நிபந்தனை ஏதும் அந்த அறிவிப்பில் இல்லை. எச்சரிக்கை நோய்க்கு முன்னால். நோய் வந்தபின் கருணை. இரண்டையும் இடம் மாற்றி வைத்தது நாம்தான். ஆரோக்கியமாக இருந்த நாளெல்லாம் அந்த மனிதருக்கு அள்ளிப் போட்டோம். மண்ணில் வைத்த அன்று உபதேசம் செய்தோம்.

பிழைத்திருப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். அறுவை செய்தபின் சிலருக்கு வயிற்றில் துவாரமிட்டு, மலம் ஒரு பையில் சேருமாறு வைத்துவிடுகிறார்கள். அத்தகையவர்கள், ‘நான் எப்போதும் அசுத்தமானவன்’ என்று தொழுகையையே விட்டுவிடுவதைக் கேள்விப்படுகிறேன். நெஞ்சு வலிக்கிறது. நம் ஃபிக்ஹு நூல்கள் தொடர்ந்து சிறுநீர் சொட்டுபவருக்கும் இரத்தம் கசிபவருக்கும் சலுகை வகுத்து நூற்றாண்டுகள் பல ஆகின்றன. இவரும் அந்த வகையினரே. ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஓர் உளூ. அந்த நேரம் முடியும்வரை பர்ளும் நஃபிலும் தொழலாம். ஷாஃபியியில் நேரம் வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் உளூ. இடையே வெளியேறுவது அந்த உளூவை முறிக்காது. பள்ளியில் சிந்திவிடும் அச்சம் இல்லையென்றால் ஜமாஅத்துக்கு வருவதற்கும் தடையில்லை. ஐயமிருந்தால் ஊர் ஆலிமிடம் தனியே கேட்டுக்கொள்ளட்டும். கேட்க வெட்கப்படுகிறவரிடம் ஆலிமே போய்ச் சொன்னால் இன்னும் நல்லது.

அந்த மௌத்து வீட்டுக்கு மூன்றாம் நாள் மறுபடியும் போயிருந்தேன். தீர்ப்புச் சொன்ன நண்பரும் வந்திருந்தார். இறந்தவரின் மூத்த மகன் என்னிடம், தனக்கும் சில மாதங்களாக அதே போல் இரத்தம் போகிறது, அம்மாவிடம் சொல்ல பயமாக இருக்கிறது என்றான். தாய் தந்தையருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு அபாயம் அதிகம். அவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் வற்புறுத்தும் செய்தி. பையன் ஈர்க்குச்சி போல் ஒல்லி. அதை அந்த நண்பரும் கேட்டுக்கொண்டிருந்தார். சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாளைக் காலை நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றார்.